அறை வாடகை வரம்பைக் காட்டி மருந்துச் செலவிலும் பிடிக்கலாமா?

கேள்வி (கோவை வாசகி):
நண்பர்களுக்கு வணக்கம். என் அம்மாவுக்கு இங்குள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் குடலிறக்க அறுவைச் சிகிச்சை நடந்தது. நாங்களே பிரீமியம் கட்டிவரும் 5 லட்ச ரூபாய் பாலிசி; அறை வாடகைக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வரம்பு. அன்று 8,000 ரூபாய் அறைதான் காலியாக இருந்ததால் அதில் 4 நாள் தங்கினோம். கூடுதல் வாடகை எங்கள் பொறுப்பு என்பதை ஏற்கிறோம். ஆனால் 1,84,000 ரூபாய் பில்லுக்கு 1,15,000 ரூபாய் மட்டும் அனுமதித்துவிட்டு, மீதி 69,000 ரூபாயைக் கட்டச் சொன்னார்கள். விளக்கம் கேட்டால் மருத்துவமனை டிபிஏவை (காப்பீட்டு நிறுவனத்துக்காக கிளெய்ம்களைப் பரிசீலிக்கும் இடைநிலை நிறுவனம்) கைகாட்டுகிறது, டிபிஏ காப்பீட்டு நிறுவனத்தைக் கைகாட்டுகிறது. அனுமதிக் கடிதத்தில் 'விகிதாசாரப் பிடித்தம்' என்ற ஒரு வரியைத் தவிர வேறொன்றும் இல்லை. அலுவலகக் குழுக் காப்பீடாக இருந்தால் எச்.ஆர். பிரிவாவது கேட்கும், எங்களுக்காக யார் கேட்பார்கள்?

பதில் (மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவில் வேலை பார்த்தவர்):
சகோதரி, 5,000-ஐ 8,000-ஆல் வகுத்தால் 62.5 சதவீதம், 1,84,000-இல் 62.5 சதவீதம் சரியாக 1,15,000. அதாவது, மொத்த பில்லையும் ஒரே விகிதத்தில் வெட்டியிருக்கிறார்கள். இது தவறு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, மருந்துகள், உடலில் பொருத்தும் சாதனங்கள், பரிசோதனைகள் ஆகியவற்றின் செலவில் இந்தப் பிடித்தம் கூடாது; ஐசியு கட்டணத்திலும் கூடாது. அறைக்கேற்பக் கட்டணம் மாறாத மருத்துவமனையாக இருந்தால் மருத்துவர், அறுவை அரங்குக் கட்டணங்களிலும்கூடப் பிடிக்க முடியாது. பில்லில் மருந்து, அறுவையில் உடலுக்குள் வைத்த வலை (மெஷ்), ஸ்கேன், இரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்ந்து எவ்வளவு?

கோவை வாசகி:
மிக்க நன்றி, ஐயா. அவை மட்டும் 72,000 ரூபாய். வாடகை 32,000, மருத்துவர் மற்றும் அரங்குக் கட்டணம் 80,000.

பதில் (அதே நபர்):
அப்படியானால் வாடகையில் 12,000, மருத்துவர் மற்றும் அரங்குக் கட்டணத்தில் அதே விகிதப்படி (37.5 சதவீதம்) 30,000, ஆக 42,000 ரூபாய்தான் அதிகபட்சமாகப் பிடிக்கலாம். 27,000 ரூபாய் உங்களுக்குத் திரும்ப வரவேண்டியது. பாலிசிப் புத்தகத்தின் வரையறைப் பகுதியில் 'தொடர்புடைய மருத்துவச் செலவுகள்' (அதாவது, இந்தப் பிடித்தத்துக்கு உட்படும் செலவுகள்) பற்றிய பத்தி இருக்கும். அதையும் வகைபிரித்த பில்லையும் இணைத்து, டிபிஏவை விட்டுவிட்டு, காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கே எழுதுங்கள். தொலைபேசியில் பேசுவதோடு நிறுத்தாதீர்கள், அதற்குப் பின்னாளில் சாட்சி இருக்காது.

பதில் (சென்னை வாசகர்):
ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மேன்; நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி அல்ல, வெளியே இருப்பவர்) போகலாம். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். நான் மனு கொடுத்தபோது அவர்கள் முதலில் கேட்டது நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தின் நகலைத்தான். தனி மனிதர் 27,000 ரூபாய்க்காக அலையமாட்டார் என்ற கணக்கில்தான் இப்படிப்பட்ட பிடித்தங்கள் நடக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம், ஆகவே தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

கோவை வாசகி:
இருவருக்கும் நன்றி. மருத்துவமனையின் கட்டணப் பட்டியலையும் எழுத்தில் கேட்டிருக்கிறேன். மருத்துவர் கட்டணம் எல்லா அறைக்கும் ஒன்றுதான் என்றால் அந்த 30,000 ரூபாயையும் சேர்த்தே கேட்கப்போகிறேன்.