ரூட் கெனால் செய்த பல்லுக்கே மறுபடியும் ரூட் கெனால்

மேல்வரிசையில் முதல் கடைவாய்ப் பல். ரூட் கெனால் செய்து, கேப் போட்டு, சில வருடங்கள் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் அதற்கு மேலே ஈறில் கடுகு அளவுக்கு ஒரு கொப்புளம் வர ஆரம்பித்தது. வரும், உடையும், வாயில் ஒரு கெட்ட சுவை பரவும், மறையும். வலி சுத்தமாக இல்லை. ஆன்டிபயாட்டிக் எடுத்தால் அடங்கும், நிறுத்தினால் திரும்ப வந்துவிடும்.

வலி இல்லாததுதான் இதில் ஏமாற்றுகிற விஷயம். சீழ் வெளியேற வழி கிடைத்துவிட்டதால் உள்ளே அழுத்தம் சேர்வதில்லை, அதனால் வலிப்பதில்லை. நரம்பை எடுத்த பல்லில் எப்படிச் சீழ் வரும் என்று எனக்கும் புரியவில்லை. பல்லுக்குள்தான் உயிர் இல்லை, வேரைச் சுற்றியுள்ள எலும்புக்கு உயிர் இருக்கிறது என்றார் டாக்டர். வேருக்குள் தங்கிவிட்ட கிருமி நுனி வழியாகக் கசிந்து அந்த எலும்பைக் கரைக்கிறது. மாத்திரையில் இருக்கும் மருந்து ரத்தம் வழியாகத்தான் போகும். ரத்த ஓட்டமே இல்லாத வேர்க்குழாய்க்குள் அது எப்படி எட்டும்?

"பிடுங்கிப் போட்டுட்டு நிம்மதியா இரு" என்றார் பெரியப்பா. அதற்கு முன் ஒரு ரூட் கெனால் நிபுணரைப் பார்த்துவிடலாம் என்று போனேன். (எம்டிஎஸ் எண்டோடான்டிக்ஸ் படித்தவர்களாகப் பாருங்கள். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது.) அவர் கொப்புளத்தின் துளைக்குள் மெல்லிய இளஞ்சிவப்புக் குச்சி ஒன்றை நுழைத்து எக்ஸ்ரே எடுத்தார். குச்சியின் முனை கன்னப் பக்கத்து முன்வேரின் நுனியில் போய் நின்றது. சீழ் எங்கிருந்து வருகிறது என்பதைப் படத்தில் என் கண்ணாலேயே பார்த்தேன்.

இந்தப் பல்லுக்கு வேர் மூன்று. ஆனால் அந்த முன்வேருக்குள் பெரும்பாலும் இரண்டு குழாய்கள் இருக்குமாம். இரண்டாவதற்கு எம்பி2 என்று பெயர். முடி போல மெலிசு, சாதாரண எக்ஸ்ரேயில் ஒன்றை ஒன்று மறைத்துவிடும். சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேனில் அது தெளிவாகத் தெரிந்தது. முதல் தடவை அதைத் தொடவே இல்லை.

தொடங்கும் முன்பே டாக்டர் ஒன்றைச் சொல்லிவிட்டார்: உள்ளே வேர் நெடுக விரிசல் இருந்தால் நிறுத்திவிடுவேன், அப்போது பிடுங்குவதுதான் வழி. அந்த வெளிப்படையான பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. நல்லவேளை, விரிசல் இல்லை. கேப்பைக் கழற்றி, பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் மாட்டி, வேருக்குள் முன்பு அடைத்திருந்த கட்டாபெர்ச்சாவை (ரப்பர் மாதிரியான அடைப்புப் பொருள்) சுரண்டி எடுத்தார். மைக்ரோஸ்கோப் வைத்து எம்பி2வைத் தேடியதில்தான் அதிக நேரம் போனது. பிறகு ஹைப்போகுளோரைட் விட்டு விட்டுக் கழுவினார். ஒரே பிளீச்சிங் பவுடர் வாடை. கடைசியில் கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்துத் தற்காலிகமாக மூடி அனுப்பினார். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் அதேதான். அதற்காக வீட்டில் எடுத்து யாரும் பல்லில் வைத்துவிடாதீர்கள், ஈறு வெந்துவிடும்.

ஊசி போட்டதால் வலி இல்லை. பிறகு சில நாள் கடித்தால் கூசியது, அவ்வளவுதான். கொப்புளம் மூடிய பிறகே நிரந்தரமாக அடைத்துப் புது கேப் போட்டார்கள். கேப்பைத் தள்ளிப் போடாதீர்கள், எச்சில் கசிந்து உள்ளே போனால் கிருமியும் கூடவே போகும்.

6 மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் வேர் நுனியில் இருந்த கறுப்பு நிழல் நன்றாகச் சுருங்கியிருக்கிறது, முழுதாகப் போகவில்லை. எலும்பு நிரம்ப ஒரு வருடம் ஆகலாம், சிலருக்கு 4 வருடம் வரைகூட ஆகும் என்கிறார். இப்போது அந்தப் பக்கத்திலும் மென்று சாப்பிடுகிறேன்.

என் தங்கைக்கு முன்பல்லில் இதே பிரச்சினை. அவளுக்கு வேருக்குள் போஸ்ட் (கேப்பைத் தாங்க வைக்கும் சின்னக் கம்பி) வைத்திருப்பதால், அதைக் கழற்றினால் வேர் உடையலாம் என்று, ஈறு வழியாகத் திறந்து வேர் நுனியை வெட்டி அடைக்கச் சொல்கிறார்கள். அதைச் செய்துகொண்டவர்கள் இருந்தால் வீக்கம் எத்தனை நாள் இருந்தது, தழும்பு தெரிகிறதா என்று எழுதுங்கள். அவள் ரொம்பப் பயந்துபோயிருக்கிறாள்.