ஈசானிய மூலை பால்கனியில் துணி காயப்போடலாமா? வீட்டில் வேறு இடம் இல்லை

முல்லைக்கொடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சென்னை வேளச்சேரியில் இரண்டாவது மாடியில் வாடகை வீடு, ஆவணியில்தான் குடிவந்தோம். இரண்டு படுக்கையறை, ஒரே ஒரு பால்கனி. அது ஹாலை ஒட்டி வடகிழக்கு மூலையில், அதாவது ஈசானியத்தில் இருக்கிறது. மொட்டை மாடியைப் பூட்டியே வைத்திருக்கிறார்கள், கேட்டுப் பார்த்தும் பயனில்லை. ஊரிலிருந்து வந்த அத்தை (கணவரின் அம்மா) பால்கனியில் நான் கட்டியிருந்த கொடியைப் பார்த்ததுமே, "ஈசானியத்தில் ஈரத்துணியைத் தொங்கவிட்டால் குடும்பம் விளங்காது, முதலில் அவிழ்த்துப் போடு" என்று சொல்லிவிட்டார். எனக்கும் வாஸ்துவில் நம்பிக்கை உண்டு, அதனால் மறுத்துப் பேசவில்லை.

மூன்று வாரமாகப் படுக்கையறையில் ஸ்டாண்டு வைத்து, ஃபேன் போட்டுக் காயவைக்கிறேன். ஜீன்ஸ் பேன்ட் காய இரண்டு நாள் ஆகிறது. துணியெல்லாம் முக்கல் வாடை, பீரோவுக்குப் பின்னால் சுவரில் கறுப்பு கறுப்பாகப் பூஞ்சை. நாலு வயது மகனுக்கு வீசிங் உண்டு, இந்த மாதம் இரண்டு முறை நெபுலைசர் வைத்தாயிற்று. டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "அவன் தூங்குகிற அறையில் ஈரத்துணி காயப்போடுகிறீர்களா?" என்பதுதான். ராத்திரி அவன் இழுத்து இழுத்து மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டே படுத்திருக்கிறேன். வாஸ்துப்படி இதற்கு வழி உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

தங்கச்சி, அத்தை சொன்னதில் தப்பில்லை. வாஸ்து புருஷன் தலை வடகிழக்கிலும் கால் தென்மேற்கிலும் வைத்துப் படுத்திருப்பதாகச் சொல்வார்கள். அதனால்தான் ஈசானியத்தில் பாரம் ஏற்றாதே, அழுக்கு சேர்க்காதே என்பது. துணி காயப்போட வாயு மூலை, அதாவது வடமேற்குதான் உத்தமம், அது காற்றுக்கு உரிய இடம். அக்னி மூலையில் (தென்கிழக்கில்) வாஷிங் மெஷின் வைப்பவர்களும் உண்டு. உன் வீட்டு வடமேற்கில் என்ன இருக்கிறது என்று முதலில் சொல்லு.

ஆனால் ஒன்று, ஈசானியம் நீருக்கு உரிய மூலை. கிணறும் சம்பும் அங்கேதான் வெட்டச் சொல்கிறார்கள். அப்படியிருக்க, துவைத்த சுத்தமான துணியில் இருக்கிற ஈரம் தோஷம் என்று நான் நினைக்கவில்லை. அழுக்குத்துணிக் கூடை, துடைப்பம், மாப் இதெல்லாம் அங்கே இருந்தால்தான் தப்பு. எங்கள் வீட்டிலும் கொஞ்ச காலம் அந்த மூலையில்தான் கொடி இருந்தது. விளக்கு வைப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் எடுத்து மடித்துவிடுவேன், உள்ளாடையை மட்டும் பாத்ரூமுக்குள் போட்டுவிடுவேன். குழந்தைத் துணியை எந்தத் திசையானாலும் பொழுது சாய்ந்து வெளியில் விடாதே, பட்சி தோஷம் என்பார்கள். பனியும் பூச்சியும் படும் என்று வைத்துக்கொண்டாலும் சரிதான்.

மட்டப்பலகை எழுதியது:

நான் கட்டடப் பொறியாளர், பதினெட்டு வருடமாக வீடு கட்டிக்கொடுக்கிறேன். வாஸ்து பார்க்காமல் பிளான் போடச் சொன்னவர்கள் மிகக் குறைவு, அதனால் இந்தக் கேள்வி எனக்குப் பழக்கமானதுதான்.

முதலில் ஒரு கணக்கு. எங்கள் வீட்டில் ஒருமுறை நிறுத்துப் பார்த்தேன். 5 கிலோ துணியைத் துவைத்து, மெஷின் நன்றாகச் சுழற்றிப் பிழிந்த பிறகும் எடை மூன்று கிலோ கூடுதலாக இருந்தது. அவ்வளவும் தண்ணீர். படுக்கையறைக்குள் காயவைத்தால் அந்த மூன்று லிட்டரும் அறைக் காற்றில்தான் கலக்கும். ஜன்னலை மூடி ஃபேனை மட்டும் போட்டால், ஃபேன் அந்த ஈரத்தை வெளியே தள்ளாது, அதே அறைக்குள் சுற்றவிடும். அது போய்ப் படிவது காற்றோட்டமே இல்லாத இடத்தில், உங்கள் வீட்டில் பீரோவுக்குப் பின்னால். பூஞ்சை வந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டாம். அந்த அறையில் இன்று முதல் ஒரு கைக்குட்டைகூடக் காயப்போடாதீர்கள். மகன் விஷயத்தில் இது நாள் தள்ளக்கூடிய வேலை இல்லை.

அடுத்தது, அந்தப் பால்கனி கிழக்கே திறக்கிறதா, வடக்கே திறக்கிறதா? இரண்டையும் வடகிழக்கு என்றே சொல்லிவிடுகிறோம், வெயிலுக்கு இரண்டும் வேறு வேறு. கிழக்கே திறந்தால் வருடம் முழுக்கக் காலை வெயில் கிடைக்கும். வடக்கே என்றால், சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரைதான் உச்சி வெயில் லேசாக வடக்குப் பக்கம் சாயும். மார்கழியில் அங்கே நேர் வெயிலே விழாது. அப்புறம், திசையைப் போனில் பார்க்கும்போது பால்கனி கம்பிக்குப் பக்கத்தில் நின்று பார்க்காதீர்கள், அந்த இரும்பு திசைகாட்டியைத் தப்பாகக் காட்டவைத்துவிடும். வீட்டின் நடுவில் நின்று, இரண்டு மூன்று இடத்தில் பார்த்து ஒப்பிடுங்கள். வடகிழக்கு என்று நம்பியிருந்தது நேர் கிழக்காக இருந்ததை நான் பல வீட்டில் பார்த்திருக்கிறேன்.

வைகைக்கரை அக்கா சொன்னதில் ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். உள்ளாடைக்குத்தான் வெயில் முதலில் வேண்டும். பாத்ரூமில் போட்டால் படையும் அரிப்பும்தான் வரும். மற்றவர் கண்ணில் படக் கூடாது என்றால் உள்பக்கக் கொடியில் போட்டு, வெளிப்பக்கக் கொடியில் ஒரு துண்டைத் தொங்கவிடுங்கள்.

காவிரிக்கரை எழுதியது:

நான் வளர்ந்தது கும்பகோணம் பக்கம், கிழக்கு மேற்காக ஓடும் ஒரு தெரு. தெருவின் தென்சிறகில் இருந்த வீடுகளுக்கு வாசல் வடக்கே, கொல்லை தெற்கே. எதிர்ச்சிறகு வீடுகளுக்கு நேர்மாறாக, கொல்லை வடக்கே. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை தாண்டித்தான் கிணற்றடி, துவைகல், கொடி எல்லாம். ஆக, ஒரே தெருவில் பாதி வீட்டுத் துணி தெற்கிலும் பாதி வீட்டுத் துணி வடக்கிலும் காய்ந்தது. சாஸ்திரம் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடுகள்தான் அவை, ஆனால் துணி காயும் திசைக்காக யாரும் யாரையும் குறை சொல்லி நான் கேட்டதில்லை. வாசலில் துணி தொங்கக் கூடாது என்பது மட்டும் கண்டிப்பு.

மடித்துணி, அதாவது ஆசாரத்துக்காக யாரும் தொடாமல் காயவைத்து உடுத்தும் துணி, காய்ந்தது வீட்டுக்குள்தான். கூடத்து உத்தரத்தில் உயரமாகக் கட்டிய மூங்கிலில், பாட்டி நீளக் கோலால் புடவையைத் தூக்கிப் போடுவாள். யாரும் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக அந்த உயரம். ஆனால் பக்கத்திலேயே முற்றம் வானம் பார்த்துத் திறந்திருக்கும், ஒன்பது கஜப் புடவை மதியத்துக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். பாட்டி செய்தாளே என்று மூடிய பிளாட் அறைக்குள் நாம் காயவைத்தால் அது வேறு. அந்த வீட்டில் இருந்த முற்றம் உங்கள் வீட்டில் எது என்று பாருங்கள். எனக்குத் தெரிந்து அந்தப் பால்கனிதான்.

அத்தையிடம் விவாதம் செய்ய வேண்டாம். டாக்டர் சொன்னதைப் பேரனின் பாட்டியாக அவரே நேரில் கேட்கட்டும்.

முல்லைக்கொடி எழுதியது:

ரொம்ப நன்றி. பால்கனி கிழக்கே திறக்கிறது, காலை பதினொரு மணி வரை நல்ல வெயில் வருகிறது. வடமேற்கில் சின்ன படுக்கையறை, மேற்கே ஒரு ஜன்னல், அங்கே யாரும் படுப்பதில்லை. அடுத்த செக்கப்புக்கு அத்தையையும் அழைத்துப் போகிறேன்.

மட்டப்பலகை எழுதியது:

அப்படியானால் இரண்டு இடத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். வெயில் நாளில் பால்கனி. ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்குக் காற்றோடுதான் வரும், சாரல் நேராக அந்தப் பால்கனிக்குள் அடிக்கும். அந்த இரண்டு மாதமும் வாயு மூலை அறையில் போடுங்கள், அத்தைக்கும் அது சம்மதமாக இருக்கும். கயிறு இழுத்தால் மேலே ஏறுகிற ஹேங்கரைக் கூரையில் மாட்டி, மேற்கு ஜன்னலில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்து, அறைக் கதவை லேசாகத் திறந்துவைத்தால் ஈரம் வெளியே போய்விடும். பால்கனியில் இரும்புக் கம்பி கட்டாதீர்கள், நம் ஊர் உப்புக்காற்றில் துருப்பிடித்துத் துணியில் கறை விழும். நைலான் கயிறு போதும். கீழ்வீட்டுக்குத் தண்ணீர் சொட்டாத அளவுக்குக் கொடியை உள்தள்ளிக் கட்டுங்கள்.

முல்லைக்கொடி எழுதியது (ஒரு மாதம் கழித்து):

மறக்காமல் வந்து சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அத்தை டாக்டரிடம் தானே நாலு கேள்வி கேட்டார். வீட்டுக்கு வந்ததும் பால்கனியில் கிடந்த பழைய செருப்பு, உடைந்த வாளி, அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் அவரே வெளியேற்றி, தரையைக் கழுவி, மூலையில் ஒரு துளசித் தொட்டி வைத்தார். "துளசிக்கு வெயில் மறைக்காமல் கட்டிக்கோ, ஆறு மணிக்குள் எடுத்துடு" என்று சொல்லி அவர்தான் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தார். இப்போது மழை பிடித்துவிட்டதால் துணியெல்லாம் வடமேற்கு அறைக்குப் போய்விட்டது. எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் பனியன், சட்டை ஒரே நாளில் காய்கிறது. பீரோவைச் சுவரிலிருந்து அரை அடி நகர்த்திவைத்தோம். மகனுக்கு இந்த மாதம் நெபுலைசர் தேவைப்படவில்லை.

ஒரே ஒரு சந்தேகம். சுவரில் பூஞ்சை இருந்த இடத்தைப் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் துடைத்தேன், மேலே பெயின்ட் அடிப்பதற்கு முன் எத்தனை நாள் காயவிட வேண்டும்?

மட்டப்பலகை எழுதியது:

மழைக்காலத்தில் அடிக்காதீர்கள், ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு பெயின்ட் உரிந்துவிடும். தை பிறக்கட்டும். அதுவரை பீரோவை அப்படியே தள்ளியே வைத்திருங்கள். பிளீச்சிங் பவுடர் வாடை வீசிங் உள்ள பிள்ளைக்கு ஆகாது, மறுபடி துடைப்பதானால் அவன் பள்ளிக்கூடம் போன பிறகு ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள்.