நீலகிரி காய்கறி மண் – தீவு நாடுகள்: நைட்ரஸ் ஆக்சைடு ஒப்பீடு சரியா?

கேத்திப்பள்ளம்:
வணக்கம். நீலகிரி உருளை, கேரட் நிலங்களிலிருந்து வரும் நைட்ரஸ் ஆக்சைடு என்ற பசுங்குடில் வாயுவைச் சிறு தீவு நாடுகளோடு ஒப்பிட்டு அட்டவணை போடுகிறேன். மொரீஷியஸ், ஃபிஜி, பார்படோஸ் எடுத்திருக்கிறேன். மொரீஷியஸ் முதன்மைத் தீவு சுமார் 1,865 ச.கி.மீ.; நம் மாவட்டம் 2,500-க்குச் சற்று மேல். மலைச்சரிவு, மழை, பெருந்தோட்டம் என்று ஒற்றுமையும் உண்டு. தீவுகளுக்கு அரசு அறிக்கைகளின் கணக்கு, நமக்கு மண்மேல் மூடுபெட்டி வைத்து, அதில் சேரும் வாயுவை எடுத்த அளவீடு. எக்டேருக்கு நம்முடையதுதான் மிக அதிகம் என்று வருகிறது. மண்ணின் குணமா, கணக்குக் கோளாறா?

தொழுஉரம்:
இரண்டும் ஒரே சரக்கு இல்லையே. தீவுகளின் எண் பெரும்பாலும் ஐபிசிசி (ஐ.நா.வின் காலநிலைக் குழு) வகுத்த முதல்நிலை என்ற எளிய முறையில் வருவது: போட்ட தழைச்சத்தை (நைட்ரஜன்) உமிழ்வுக் காரணியால், அதாவது அதில் வாயுவாகும் பங்கால், பெருக்கியது. உரத்தால் கூடுதலாக வருவது மட்டும்தான் அதில் அடங்கும். உங்கள் பெட்டியோ மண் தானாக விடுவதையும் சேர்த்துப் பிடிக்கிறது. மேல்மலை மண்ணில் அங்ககக் கரிமம் அதிகம். ஒரு பிடி உரம் போடாத பாத்தியிலும் வாயு வரும். ஆகவே பக்கத்திலேயே தழைச்சத்து இல்லாத பாத்தி ஒன்று கட்டாயம் வேண்டும். அதன் அளவைக் கழித்து, மீதியைப் போட்ட தழைச்சத்தால் வகுத்த பிறகே ஒப்பிடலாம். அறிக்கையிலும் 'நேரடி உமிழ்வு' வரியை மட்டும் எடுங்கள். நீரில் கரைந்தோடிய தழைச்சத்தால் வேறிடத்தில் வருவதை உங்கள் பெட்டி பார்க்காது.

அடுத்தது, ஐபிசிசி வழிகாட்டியில் எந்தப் பதிப்பு? 2006 வழிகாட்டியில் ரசாயன உரம், தொழு உரம் இரண்டுக்கும் காரணி 0.01. 2019 திருத்தத்தில் ஈரப் பகுதியில் ரசாயன உரத்துக்கு 0.016, தொழு உரம் போன்றவற்றுக்கு 0.006, வறண்ட பகுதியில் எல்லாவற்றுக்கும் 0.005. எக்டேருக்கு 100 கிலோ தழைச்சத்து (யூரியாவாக 217 கிலோ) போட்டால், நைட்ரஜன் எடையை நைட்ரஸ் ஆக்சைடு எடையாக்க 44/28-ஆல் பெருக்கிய பிறகு, பழைய கணக்கில் 1.57 கிலோ நைட்ரஸ் ஆக்சைடு, புதியதில் 2.51 கிலோ. மண் அதேதான், புத்தகம்தான் மாறியது.

ஈரமா வறட்சியா என்பதிலும் ஒரு சிக்கல். வெப்பமண்டலத்தில் ஆண்டு மழை 1,000 மி.மீ. தாண்டினால் ஈரம். மொரீஷியஸின் மேற்குக் கரை அதற்குக் கீழே, நடு மேட்டுநிலம் வெகு மேலே. ஒரே தீவில் இரண்டு காரணி. ஊட்டியின் ஆண்டுச் சராசரி வெப்பம் 18 டிகிரிக்குக் கீழ் என்பதால் அந்த வகைப்பாட்டில் அது மிதவெப்பப் பகுதி. அங்கே மழை, ஆவியாதல் திறனைவிட அதிகமா என்று பார்க்க வேண்டும்.

கரியமில ஈட்டில் (அதே அளவு வெப்பமூட்டும் கரியமில வாயுவின் எடையாக) தந்திருந்தால் அப்படியே ஒப்பிட வேண்டாம். அறிக்கைக்கு அறிக்கை 310, 298, 265, 273 என்று பெருக்கியிருப்பார்கள். பின்னோக்கி வகுத்து, கிலோ தழைச்சத்துக்குக் கொண்டுவாருங்கள்.

குறிஞ்சிச்சரிவு:
பெட்டிக் கணக்கில் காற்றழுத்தம் என்ன போட்டீர்கள்? கடல்மட்டத்தில் இருக்கும் தீவுக்கு அது தொல்லையில்லை. ஊட்டி உயரத்தில் சுமார் 77 கிலோபாஸ்கல்தான். ஒரு மோல் வாயு 22.4 லிட்டர் என்று பழக்கதோஷத்தில் எழுதினால் போச்சு. 15 டிகிரியில் இங்கே அது கிட்டத்தட்ட 31 லிட்டர். விடை 38 சதவீதம் கூடிவிடும்.

மாதிரியைக் கோவைக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறீர்களா? வெற்றிடமாக்கிய 12 மி.லி. குப்பியில் 12 மி.லி. மட்டும் ஏற்றினால், கீழே இறங்கியதும் வெளியழுத்தம் அதிகமாகி ரப்பர் மூடி வழியாகக் காற்று உள்ளே கசியும். 20 மி.லி. ஏற்றுங்கள், சமவெளியிலும் உள்ளழுத்தம் கூடுதலாகவே இருக்கும்.

மண்ணின் குணமும் உண்டு, மறுக்கவில்லை. பிஹெச் 5-ஐ ஒட்டிய அமில மண்ணில், நைட்ரஸ் ஆக்சைடை நைட்ரஜனாக முடித்துவைக்கும் நொதி சரியாக உருவாகாது; வாயு பாதியிலேயே வெளியேறிவிடும். ஒப்பிடும் மண்ணின் பிஹெச்சையும் அட்டவணையில் ஒரு பத்தியாகச் சேருங்கள்.

கப்பல்சரக்கு:
தீவுப் பக்கமும் கொஞ்சம் பாருங்க சார். உர ஆலை இல்லாத நாட்டில் 'பயன்பாடு' என்பது பல நேரம் இறக்குமதிதான். ஒரு வருடம் கப்பல் தள்ளி வந்தால் அந்த வருட உமிழ்வு சரியும், அடுத்த வருடம் எகிறும். மூன்று முதல் ஐந்து ஆண்டுச் சராசரி எடுங்க. ஓட்டல் புல்வெளிக்கும் கோல்ஃப் மைதானத்துக்கும் போன உரமும் அதே கணக்கில்தான் இருக்கும், ஆனா வகுப்பது பயிர்ப் பரப்பால்.

கேத்திப்பள்ளம்:
நன்றி. நீர்போகத்தில் (பாசனப் பருவம்) மட்டும் எடுத்த அளவை ஆண்டுக்கு விரிக்கலாமா?

தொழுஉரம்:
கூடாது. வாயு பெருமளவில் வருவது அடியுரத்துக்கும், மேலுரமிட்டு மண் அணைத்ததற்கும் பிந்தைய சில நாட்களில். கார்போகத்தில் (மழைப் பருவம்) அதன்மேல் மழையும் விழும். மண்ணின் துளைகளில் 60 முதல் 80 சதவீதம் நீர் நிரம்பும்போதுதான் உச்சம். அந்தச் சதவீதத்தைக் கணக்கிடும்போது துகள் அடர்த்திக்கு வழக்கமான 2.65 போடாதீர்கள், அங்ககப் பொருள் மிகுந்த மண்ணில் அது குறைவு, அளந்து போடுங்கள்.

உரமிட்ட பின் பத்து நாள் தினமும், பிறகு வாரம் ஒருமுறை, பலத்த மழைக்கு மறுநாள் கூடுதலாக ஒன்று. காலை 9 முதல் 11-க்குள் பெட்டியை மூடி, 0, 15, 30, 45 நிமிடத்தில் வாயு மாதிரியை இழுங்கள். நான்கு புள்ளியும் நேர்கோட்டில் வராவிட்டால், அடிச்சட்டத்தை (பெட்டி உட்கார மண்ணில் பதித்தது) சுற்றிய மண்ணில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். மண் அணைக்கும்போது சட்டத்தைப் பிடுங்கித்தான் ஆக வேண்டும். மறுபடி பதித்து ஒரு நாளாவது ஆறவிட்டு மூடுங்கள். பயிர் நிற்கும் பார் மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று என்று தனித்தனியாக வைத்துப் பரப்பளவு விகிதத்தில் சேர்க்க வேண்டும். மேட்டில் மட்டும் வைத்தால் உரம் முழுக்க அங்கேதான் கிடக்கிறது, எண் கண்டபடி ஏறும்.