ஆலங்குடி, பாபநாசம், திருப்பட்டூர்: ஒரே பேரில் பல ஊர், எதை வைத்து அடையாளம் காண்பது?

வேன்_பயணம்:
வணக்கம். சென்னையிலிருந்து கிளம்பி பிரம்மா கோயில் திருப்பட்டூர், சந்திரன் திங்களூர், குரு ஆலங்குடி பார்த்துவிட்டு, கடைசியாகப் பாபநாசத்தில் நவகைலாயம் (தாமிரபரணிக் கரையின் ஒன்பது சிவன் கோயில்கள்) தொடங்குவதாகத் திட்டம். மேப்பில் ஆலங்குடி என்று அடித்தால் புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. திங்களூர் இரண்டு வருகிறது. வயதானவர்கள் இரண்டு பேர் மட்டும் ரயிலில் நேரே பாபநாசம் வருவார்கள். அங்கே ஸ்டேஷன் இருக்கிறது, ஆனால் கும்பகோணத்துக்குப் பக்கம் காட்டுகிறது. டிரைவரிடம் எப்படிச் சொன்னால் தப்பு வராது?

தண்டவாளம்:
முதலில் அந்த ரயில் டிக்கெட்டைப் போடாதீர்கள். பாபநாசம் என்ற ஸ்டேஷன் தஞ்சாவூர்–கும்பகோணம் பாதையில் இருப்பது, ஸ்டேஷன் குறியீடு பி.எம்.எல். நவகைலாயத்தில் முதல் கோயில் இருக்கும் பாபநாசம் தாமிரபரணிக் கரையில், அம்பாசமுத்திரம் வட்டத்தில் இருக்கிறது. அந்த ஊருக்கு ரயிலே கிடையாது. திருநெல்வேலி–தென்காசி பாதையில் அம்பாசமுத்திரத்தில் இறங்கி, விக்கிரமசிங்கபுரம் வழியாகப் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போக வேண்டும். இரண்டு பாபநாசத்துக்கும் நடுவே 300 கி.மீ.க்கு மேல். முன்பதிவில் பேரை அடித்தால் ஸ்டேஷன் உள்ள ஊர்தான் வரும், அதனால்தான் ஏமாந்து போகிறோம். இரண்டு ஊரிலும் பேர்பெற்ற சிவன் கோயில் இருப்பதால், 'பாபநாசம் சிவன் கோயில்' என்று கேட்டும் பிரயோஜனமில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் 108 லிங்கம், நெல்லைப் பக்கம் பாபநாசநாதர்.

இதே வகையில் குற்றாலம். அருவி உள்ள ஊருக்கு ஸ்டேஷன் இல்லை, தென்காசியில்தான் இறங்க வேண்டும். குத்தாலம் என்று வரும் ஸ்டேஷன் மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் இடையில் உள்ளது. வாய்ப்பேச்சில் இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். திருப்பத்தூரிலும் ஸ்டேஷன் குறியீட்டைக் கவனியுங்கள்: ஜோலார்பேட்டைப் பக்கத்துத் திருப்பத்தூர் டி.பி.டி.; கடைசியில் ஒரு ஒய் சேர்ந்தால் திருப்பதி.

காவிரிக்கரை:
வேனுக்கு நான் சொல்கிறேன். உங்கள் திருப்பட்டூரை 'திருப்பத்தூர்' என்று எழுதிக் கொடுத்தால் டிரைவருக்கு இரண்டு பெரிய ஊர் தெரிந்திருக்கும்: 2019-இல் தனி மாவட்டமானது ஒன்று, சிவகங்கை மாவட்டத்துத் திருத்தளிநாதர் கோயில் ஊர் இன்னொன்று. சட்டமன்றத் தொகுதிப் பட்டியலில்கூட இரண்டும் அதே பேரில்தான் இருக்கின்றன, எண் 50, எண் 185. ஆங்கிலப் பலகையில் மூன்று ஊருக்கும் எழுத்து ஏறக்குறைய ஒன்றே. அதனால் ஊர்ப்பேரைச் சொல்லாமல் 'சிறுகனூர்' என்று சொல்லுங்கள். பெரம்பலூர், பாடாலூர் தாண்டி சிறுகனூரில் வலது பக்கம் திரும்ப வேண்டும். சமயபுரம் டோல்கேட் வந்துவிட்டால் ஊர் பின்னால் போய்விட்டது என்று அர்த்தம்.

குரு ஸ்தலம் ஆலங்குடி வலங்கைமான் வட்டம், திருவாரூர் மாவட்டம். கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி சாலையில் வலங்கைமான் தாண்டி, நீடாமங்கலத்துக்கு முன்னால். சுவாமி ஆபத்சகாயேசுவரர், தேவாரத்தில் ஊர்ப்பேர் இரும்பூளை. புதுக்கோட்டை ஆலங்குடி தனி வட்டத் தலைநகர், பெரிய ஊர், அதனால்தான் மேப்பில் முந்திக்கொள்கிறது.

சுவாமி பேரை மட்டும் அடிப்பதும் ஆபத்து. திருப்பட்டூர்ச் சுவாமி பிரம்மபுரீசுவரர் என்று அடித்தால் சீர்காழியும் வரும். சுவாமி பேரோடு வட்டத்தின் பேரையும் சேர்த்து அடியுங்கள்.

வேன்_பயணம்:
ரொம்ப நன்றி சார். ரயிலை அம்பாசமுத்திரத்துக்கு மாற்றிவிடுகிறோம். வட்டம் எதற்கு, மாவட்டம் போதாதா?

தபால்காரர்_மகன்:
மாவட்டம் மாறிக்கொண்டே இருக்கிறது. பழைய தல வரலாற்றுப் புத்தகத்தில் 'நாகை மாவட்டம்' என்று இருப்பதில் பாதி இப்போது மயிலாடுதுறை. வட்டம் அவ்வளவு சீக்கிரம் மாறாது. அதைவிட நிலையானது பின்கோடின் முதல் மூன்று இலக்கம். அது தபால் பிரிக்கும் வட்டாரத்தைச் சேர்ந்தது, வருவாய் மாவட்டத்தைப் பின்பற்றாது. குரு ஆலங்குடி திருவாரூர் மாவட்டமாக இருந்தும் 612, அதாவது கும்பகோணம். புதுக்கோட்டை ஆலங்குடி 622. பாபநாசம் 614 என்றால் தஞ்சாவூர்ப் பக்கம், 627 என்றால் நெல்லைப் பக்கம். திருப்பட்டூர் 621, திருப்பத்தூரில் 635 வடக்கே உள்ளது, 630 சிவகங்கை. பிரசாதம் தபாலில் வரவழைப்பவர்கள் பேரைச் சரியாக எழுதி இந்த மூன்று இலக்கத்தில் கோட்டை விடுகிறார்கள்.

ஏடு:
திங்களூரை யாரும் தொடவில்லையே. ஒன்று ஈரோடு மாவட்டம், பெருந்துறை–கோபி சாலையில். உங்களுக்கு வேண்டியது தஞ்சாவூர் மாவட்டத்தில், திருவையாறு–கும்பகோணம் சாலையில் திருப்பழனத்தை அடுத்தது, சுவாமி கைலாசநாதர். ஈரோட்டுக் கோயிலின் சுவாமி பேரில் சந்திரன் இருப்பதால் 'சந்திரன் கோயில், திங்களூர்' என்று தேடினால் அங்கே கொண்டுபோய் விட்டுவிடும்.

பெயர்க் குழப்பத்துக்குப் பொருத்தமான ஊர்தான் தஞ்சாவூர்த் திங்களூர். அப்பூதியடிகள் நாயனார் வாழ்ந்தது அங்கேதான். அப்பர் என்ற திருநாவுக்கரசர் மேல் வைத்த அன்பில் பிள்ளைகள், பசு, எருமை, தராசு, படி, தண்ணீர்ப்பந்தல் எல்லாவற்றுக்கும் திருநாவுக்கரசு என்றே பேர். ஆனாலும் வீட்டில் கூப்பிட வழி வேண்டுமே: மூத்த திருநாவுக்கரசு, இளைய திருநாவுக்கரசு. ஊர்களுக்கும் நம்மவர்கள் இதைத்தான் செய்தார்கள். ஆவடிப் பக்கம் வட திருமுல்லைவாயில், சீர்காழிப் பக்கம் தென் திருமுல்லைவாயில். தஞ்சாவூரில் மேலைத் திருக்காட்டுப்பள்ளி, திருவெண்காட்டுப் பக்கம் கீழைத் திருக்காட்டுப்பள்ளி. குரங்காடுதுறையிலும் வட, தென் உண்டு. தென்குரங்காடுதுறைதான் இன்றைய ஆடுதுறை. பஸ் போர்டில் அந்த முன்னொட்டை வெட்டிவிட்டதால்தான் இத்தனை சிக்கல்.

திருவாலங்காடு போகிற எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். அரக்கோணம் பாதையில் ஒன்று, குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒன்று. காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து போனது அரக்கோணம் பாதையில் உள்ளது.

காவிரிக்கரை:
வேன் வரிசை: சிறுகனூர், திருச்சி, திருவையாறு, திங்களூர், கும்பகோணம், அப்புறம் ஆலங்குடி. வியாழக்கிழமை ஆலங்குடியில் கூட்டம் நெரியும், அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.