27,500 பவுண்டு சம்பளத்தில் மனைவியை இங்கிலாந்துக்கு அழைக்க முடியாதா?

தேவகோட்டை மகள்

எல்லோருக்கும் வணக்கம். போன தை மாதம் எனக்குக் கல்யாணம். வீட்டுக்காரர் லெஸ்டரில் வேலை பார்க்கிறார், ஐ.எல்.ஆர் (அங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) வாங்கிவிட்டார். 20 நாள் லீவில் வந்து, திருப்பூட்டு (தாலி கட்டு) முடிந்த பத்தாம் நாள் விமானம் ஏறினார். இப்போது ஆவணி. தினமும் போனில் பேசுகிறோம், அவ்வளவுதான்.

அவருக்கு ஆண்டுச் சம்பளம் 27,500 பவுண்டு. காரைக்குடியில் ஒரு ஏஜென்ட்டைப் போய்ப் பார்த்தோம். "38,700 பவுண்டு சம்பளம் இல்லாமல் மனைவி விசாவுக்குப் போட்டால் ரிஜெக்ட்தான், இரண்டு வருடம் போகட்டும்" என்றார். கால்குலேட்டரில் அந்த எண்ணைத் தட்டி எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். அப்பச்சி (என் அப்பா) அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே வந்து கொப்புடையம்மன் கோயில் வாசல் வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

தேடிப் பார்த்தால் 18,600, 29,000, 38,700, 41,700 என்று ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள். இதில் எங்களுக்கு எது? கல்யாணத்துக்கு முதல் வாரம் அப்பச்சி என் பெயரில் 24 லட்சம் டெபாசிட் போட்டார். நான் இங்கே ஸ்கூலில் வேலை பார்க்கிறேன், மாதம் 22,000 ரூபாய். இதையெல்லாம் காட்ட முடியாதா? இந்தியாவில் இருக்கிற பணம் செல்லாது என்று அந்த ஏஜென்ட் சொல்கிறார்.

கோட்டையூர்க்காரன், ரெடிங்

தங்கச்சி, முதலில் அப்பச்சியிடம் சொல்லுங்கள், அந்த 38,700 உங்களுக்கு இல்லை. 2023 டிசம்பரில் அந்த அளவுக்கு உயர்த்தப் போவதாக அரசு அறிவித்தது உண்மை. ஆனால் 2024 ஏப்ரல் 11-இல் நடைமுறைக்கு வந்தது 29,000தான். அதற்கு மேல் ஏற்றுவதை அடுத்து வந்த அரசு நிறுத்தி வைத்துவிட்டது. அதே 38,700 அதே ஏப்ரலில் வேலை விசாவுக்கான சம்பள வரம்பாகவும் வந்தது, குழப்பம் அங்கிருந்துதான். அது 2025 ஜூலை 22 முதல் 41,700 ஆகிவிட்டது. அது வேலைக்குப் போகிறவருக்கு உள்ள கணக்கு, உங்கள் கணக்கு இல்லை. 18,600 என்பது 2012 முதல் இருந்த பழைய வரம்பு. 2024 ஏப்ரல் 11-க்கு முன்பே மனைவி, கணவர் விசாவில் வந்தவர்கள் நீட்டிக்கும்போது மட்டும் அது பொருந்தும்.

ஆக உங்களுக்குக் குறைவது 1,500 பவுண்டு. அதைச் சேமிப்பால் நிரப்பலாம். குறைகிற தொகையை இரண்டரையால் பெருக்கி, அதோடு 16,000 கூட்டுங்கள்: 3,750-ம் 16,000-மும் சேர்த்து 19,750 பவுண்டு. உங்கள் பெயரிலோ அவர் பெயரிலோ, தொடர்ந்து 6 மாதம் அந்தத் தொகைக்குக் கீழே இறங்காமல் வங்கியில் இருந்திருக்க வேண்டும். இந்திய வங்கியில் ரூபாயாக இருந்தாலும் செல்லும். டெபாசிட்டும் செல்லும், அபராதம் கட்டியாவது உடனே எடுக்கக்கூடியதாக இருந்தால் போதும். அப்பச்சி கொடுத்தது கடன் இல்லை, அன்பளிப்பு என்று அவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். மனுப் போடும் நாளின் மாற்று விகிதத்தில் கணக்குப் பார்ப்பார்கள், 24 லட்சம் தேறுகிறதா என்று அன்று காலை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உங்கள் ஸ்கூல் சம்பளம் சேராது. நீங்கள் இந்தியாவில் இருப்பதால் அவர் சம்பளத்தை மட்டும்தான் எடுப்பார்கள். சம்பளம் ஏறட்டும் என்று காத்திருப்பதும் லாபம் இல்லை. ஒரே இடத்தில் 6 மாதம் வாங்கிய சம்பளத்தில் எது குறைவோ அதைத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

நான் என் மனைவிக்குக் கட்டியது விசாவுக்கு 1,938 பவுண்டு, அப்புறம் ஹெல்த் சர்சார்ஜ் (இங்குள்ள அரசு மருத்துவத்துக்கான கட்டணம்) வருடத்துக்கு 1,035 வீதம் மூன்று வருடத்துக்கு 3,105. முதல் விசா 33 மாதம்தான், ஆனால் மூன்று வருடமாகத்தான் கணக்கு. இந்தப் பணத்துக்காக டெபாசிட்டில் கை வைத்துவிடாதீர்கள். நாங்கள் கை வைத்தோம், மறுபடி 6 மாதம் எண்ண வேண்டியதாயிற்று. அந்த 6 மாதம் என் மனைவி என்னோடு சரியாகப் பேசக்கூட இல்லை.

பள்ளத்தூர் சித்தி

மேலே தம்பி சொன்னது ஐ.எல்.ஆர், சிட்டிசன்ஷிப் வைத்திருப்பவர்களுக்கு. இதைப் படித்துவிட்டு மற்றவர்கள் பணத்தைக் கட்டிவிட வேண்டாம். என் அக்கா மகன் கேர் வேலை (முதியோர், நோயாளிகளைப் பராமரிக்கும் வேலை) விசாவில் போனான். 2024 மார்ச் 11-க்குப் பிறகு அந்த வேலைக்குப் போனவர்கள் மனைவி, பிள்ளையை அழைக்க முடியாது. அவன் போனது அந்த ஏப்ரலில். வீட்டில் கைக்குழந்தை. அனுப்பி வைத்தவர்கள் யாரும் இதை முன்னாலேயே சொல்லவில்லை. படிக்கப் போகிறவர்களுக்கும் 2024 ஜனவரி முதல் அப்படித்தான், ஆராய்ச்சிப் படிப்புக்கு விலக்கு உண்டு. வீட்டுக்காரர் எந்த விசாவில் இருக்கிறார் என்பதை முதலில் கேளுங்கள், சம்பளத்தை அப்புறம் பார்க்கலாம்.

கண்டனூர் ஆச்சி

ஆத்தா, ஒன்று கேட்கிறேன். கல்யாணத்தை ரிஜிஸ்டர் செய்தீர்களா? நம் பக்கத்தில் இசைகுடிமானம் (கல்யாணத்தில் எழுதும் திருமண ஒப்பந்த ஏடு) எழுதியதோடு எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். என் பேத்திக்கு அந்த ஏட்டைத்தான் முதலில் எடுத்துக் கொடுத்தோம். சார்பதிவாளர் அலுவலகச் சர்டிபிகேட் வேண்டும் என்றார்கள்.

எங்கள் அய்யா மூன்று வருடக் கணக்கில் பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போவார். அப்பத்தா இங்கே பட்டாலையில் உட்கார்ந்து கடிதாசிக்குக் காத்திருப்பார். அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். இரண்டு வருடம் போகட்டும் என்று எவன் சொன்னாலும் கேட்காதே ஆத்தா.

தேவகோட்டை மகள்

ஆச்சி, பதிவு கல்யாணத்துக்கு அடுத்த வாரமே முடிந்தது, அவர் ஊருக்குப் போவதற்கு முன். சர்டிபிகேட் பீரோவில் இருக்கிறது.

அண்ணே, டெபாசிட்டுக்கு ஏழு மாதம் ஆகிவிட்டது, ஒரு ரூபாய் எடுக்கவில்லை. ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டுமா? அழகப்பா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. படித்தேன், ஆங்கில வழி.

கோட்டையூர்க்காரன், ரெடிங்

அந்தப் பட்டத்தையே காட்டலாம். எக்டிஸ் என்ற அமைப்பிடம் இணையத்தில் மனுச் செய்து, பட்டத்தின் தரத்துக்கும் பயிற்று மொழிக்கும் சான்று வாங்குங்கள். அது தாமதமானால் ஏ1 என்ற ஆரம்பநிலை ஆங்கிலத் தேர்வு, பேசுவதும் கேட்பதும்தான். டீச்சருக்கு அது ஒன்றுமே இல்லை. டிபி பரிசோதனையை மறந்துவிடாதீர்கள், இங்கிலாந்து அரசு அங்கீகரித்த கிளினிக்கில்தான் எடுக்க வேண்டும்.

தேவகோட்டை மகள்

சரி அண்ணே. இந்தத் திரி முழுவதையும் அப்பச்சிக்கு வாசித்துக் காட்டினேன். 19,750 வந்த இடத்தை மட்டும் மறுபடி வாசிக்கச் சொல்லி, காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலால் தானே பெருக்கிக் கூட்டிப் பார்த்தார். திங்கட்கிழமை காலையில் பேங்குக்கு ஸ்டேட்மென்ட் வாங்கப் போகிறோம்.