புதுப்பிப்பு: மகளுக்கு முதல் விளம்பரம் கிடைத்தது

ஒன்பது வயது மகளுக்கு நடிப்பு வாய்ப்பு வாங்கித் தர, வடபழனியில் ஒரு நிறுவனம் பதிவுக் கட்டணமும் புகைப்பட ஆல்பத்துக்குப் பணமும் கேட்கிறது, கட்டலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். வேண்டாம் என்றீர்கள். கட்டவில்லை. மனமார்ந்த நன்றி.

கைப்பேசியில் எடுத்த சில படங்களும், பெயர், வயது, உயரம் சொல்லி அவள் இயல்பாகப் பேசும் ஒரு சின்ன வீடியோவுமே போதுமானதாக இருந்தன. துணிக்கடை விளம்பரம் ஒன்றுக்குத் தேர்வாகி, சாலிகிராமத்தில் படப்பிடிப்பும் முடிந்துவிட்டது.

மற்ற பெற்றோருக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். குழந்தைத் தொழிலாளர் விதிகளில் 2017இல் வந்த திருத்தத்தைக் கட்டாயம் படியுங்கள். 14 வயது நிறையாத குழந்தையை நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் நடிக்கவைக்கக் கூடாது. ஓய்வில்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி வாங்குவது தயாரிப்பாளரின் வேலை. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் நிரந்தர வைப்பாகப் போக வேண்டும். கையெழுத்திடும் முன்பே இதைக் கேட்டேன்; மேலாளர் முகம் சுளித்தார், பிறகு ஒப்புக்கொண்டார். தயங்காமல் கேளுங்கள், அது பிள்ளையின் பணம்.

அடுத்து ஒரு தொடருக்கு அழைத்தார்கள். ஆண்டுத் தேர்வு நேரம் என்பதால் மறுத்துவிட்டேன். அவளுக்கு வருத்தம்தான்; கோடை விடுமுறையில் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.