வளர்ச்சிக்குத் தடை முதலா, மனப்போக்கா?

கேள்வி:
சிறிய அளவில் மசாலாப் பொடி தயாரித்து விற்கிறேன். முதல் குறைவாக இருப்பதால்தான் விற்பனை ஓரிடத்தில் நிற்கிறதா, அல்லது என் மனப்போக்கே தடையாக இருக்கிறதா?

பதில் 1:
பெரும்பாலும் மனப்போக்கே தடை என்பேன். கடலூரைச் சேர்ந்த சி.கே.ரங்கநாதன், குடும்பத் தொழிலை விட்டு வெளியேறி, 1983-இல் 15,000 ரூபாயுடன் 'சிக்' ஷாம்பூவைத் தொடங்கினார். அந்தத் தொழிலே பின்னர் கெவின்கேர் நிறுவனம் ஆனது. பெரிய நிறுவனங்கள் நகரத்துப் புட்டிகளையே பெரிதும் நம்பியிருந்தபோது, சீயக்காயும் சோப்பும் தேய்த்துக் குளித்த கிராமத்தாரை அவர் வாடிக்கையாளராகக் கண்டார். பிற நிறுவனங்களின் காலிப் பாக்கெட்டுகளைக் கொண்டுவந்தாலும் 'சிக்' பாக்கெட் இலவசம் என்று அறிவித்து, சிறிது காலத்திற்குப் பின் 'சிக்' காலிப் பாக்கெட்டுகளுக்கு மட்டும் என்று மாற்றினார். கையில் பணம் குறைவாக உள்ளவர் இலவசமாகக் கொடுக்கத் துணிவது எளிதன்று.

பதில் 2:
முழுவதும் ஏற்க இயலவில்லை. சிறு பாக்கெட்டில் ஷாம்பூ விற்கும் முறையை அவருடைய தந்தை சின்னிகிருஷ்ணன் முன்பே கையாண்டிருந்தார். அந்தத் தொழிலறிவு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

கேட்டவர்:
நன்றி ஐயா. ஐம்பது கிராமுக்குக் குறைந்து விற்பதில்லை என்று பிடிவாதமாக இருந்தேன். சந்தைக்கு வரும் கூலித் தொழிலாளர்களிடம் முதலில் விசாரிக்கிறேன்.